கடல்வளக் கல்வியும் கிராம இளைஞர்களும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, எட்டு அணைக்கட்டுகளின் வழியே நெல்வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நீரூட்டிய பின், புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது தாமிரபரணி. பிறந்த மாநிலத்திலேயே கடலைச் சேரும் ஆறு இது. இதன் கரையில் வாழும் நாம் ஆற்றைப் பற்றி நிறையப் பேசுகின்றோம். அது போய்ச் சேரும் கடலைப் பற்றிப் பேசுவதோ குறைவு. திருநெல்வேலி மாவட்டத்திற்கும் கடற்கரை உண்டு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி முதலிய ஊர்கள் கடலை நம்பியே வாழ்கின்றன. இந்தக் கடலைப் பற்றிய கல்வி எத்தகையது, அதைக் கற்றவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும், அதனால் உள்நாட்டு விவசாயிக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு கேள்வியும் நம் குறையும்

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரக் கிராமம் ஒன்றில் கிராம சபை முடிந்து நாம் புறப்படும் வேளையில், மீனவர் ஒருவர் அருகில் வந்தார். “ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். மனுவை எங்கே கொடுப்பது?” என்று கேட்டார். அப்பெண் எந்தப் பிரிவில் படித்தாள் என்று கேட்டோம். வணிகவியல் என்றார். அந்தக் கல்லூரியின் பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று நாம் சொன்னபோது அவர் முகம் வாடியது. பள்ளியில் அறிவியல் பிரிவும் இருந்தது. ஆனால் தோழியர் சேர்ந்த பிரிவிலேயே அவளும் சேர்ந்துவிட்டாள். “ரெண்டு வருஷத்துக்கு முன்னே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, ஐயா” என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் அதே ஊரில் எத்தனையோ கூட்டங்கள் நடத்தினோம். சாலை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசினோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அடுத்து எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதைப் பேசவில்லை. குறை நம்முடையதே. அக்குறை இனி நேராதிருக்கவே இதை எழுதுகின்றோம்.

கடல் வற்றாது என்னும் எண்ணம்

“மீன் பிடிப்பதற்குப் பட்டம் எதற்கு? பாட்டனும் தகப்பனும் படித்தா பிடித்தார்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு நம் கடலின் சரித்திரமே விடை கூறுகின்றது.

தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த கொற்கை, பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர் பெற்ற துறைமுகம். கொற்கைக்குப் பின் தூத்துக்குடி முத்துக்குளிப்பின் தலைமையிடமாயிற்று. கடலடியிலுள்ள முத்துப் பார்களில் சிப்பி நிறைந்த ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடைபெறும். சிப்பி அற்றுப்போன ஆண்டுகளில் நின்றுவிடும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பிறகு பார்களில் போதிய சிப்பி சேரவில்லை; முத்துக்குளிப்பும் நின்றது. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் நம் கண்ணெதிரே முடிவடைந்தது.

அதன் பின் விஞ்ஞானிகள் இப்பணியில் இறங்கினர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமியும் உடன் உழைத்தவர்களும், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் 1973-ம் ஆண்டு சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினர். 1981-ம் ஆண்டு தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்க வைத்தனர். மூழ்கி எடுத்தவரின் திறமையை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் உள்ளதை எடுக்கும் திறமை வேறு, இல்லாததை மீண்டும் உண்டாக்கும் அறிவு வேறு. இரண்டாவதைத் தருவதே கடல்வளக் கல்வி.

சிங்கி இறாலையும் எடுத்துக்கொள்வோம். நம் தென்கடற்கரையில் இது நல்ல விலை பெறும் பொருள். இனப்பெருக்கம் செய்யும் முன்பே குட்டியைப் பிடித்துவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? எந்த எடையில் அது முட்டையிடும் பருவத்தை அடைகின்றது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அதன்பேரில், குறிப்பிட்ட எடைக்குக் குறைந்த சிங்கி இறாலை ஏற்றுமதி செய்யலாகாது என 2003-ம் ஆண்டு மத்திய அரசு விதி செய்தது. நம் கரையில் கிடைக்கும் ஒரு வகைக்கு அந்த எடை 200 கிராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை இருப்பதும் இதே நோக்கத்திற்காகத்தான். இத்தகைய விதிகளை ஆராய்ந்து வகுப்பதற்கும், காரணத்தை மீனவருக்கு விளக்குவதற்கும் படித்தவர்கள் வேண்டும். மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர்களாக அவர்கள் இருந்தால் இன்னும் நன்று.

கல்வி நிலையங்கள்

சென்னை மாகாணத்தில் மீன்துறைப் பணி 1907-ம் ஆண்டு சர் பிரடெரிக் நிக்கல்சன் அவர்களின் தலைமையில் தொடங்கிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ம் ஆண்டு தோன்றியது. பின்னர் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறிற்று. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதன் கிளைகள் பணிபுரிகின்றன. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ம் ஆண்டு தொடங்கப்பெற்றது. திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் கல்லூரி இது. மீன்வளத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 2012-ம் ஆண்டு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. தூத்துக்குடிக் கல்லூரி இப்போது அதன் உறுப்பு. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் இதுபோன்ற கல்லூரிகள் உள்ளன.

இவையன்றி, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. நமது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கன்னியாகுமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்தில் கடலறிவியல் மையம் நடத்துகின்றது.

மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பாகும். மீன் வளர்ப்பு, மீன் நோய், கடலின் தன்மை, வலை அமைப்பு, பதப்படுத்துதல், மீனவர் பொருளாதாரம் எல்லாம் இதில் அடங்கும். இறுதியாண்டில் மாணவர்கள் கிராமங்களிலும் பண்ணைகளிலும் தொழிற்கூடங்களிலும் நேரில் பயிற்சி பெறுகின்றனர்.

இதில் சேர விரும்புவோர் பதினோராம் வகுப்பிலேயே இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவே முதல் வாசல். இது அடைபட்டால் பின்னர் திறப்பது கடினம். மீனவர் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்களுக்கு, 2021-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத இடங்கள் உண்டு. மீன்வளப் படிப்பும் இச்சட்டத்தில் அடங்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

பட்டம் பெற்ற பின் திறக்கும் வழிகள்

முதலாவது, அரசுத் துறை. மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் முதலிய பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகின்றது. 2020-ம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் கடலோரக் கிராமங்களில் ‘சாகர் மித்ரா’ என்னும் பணியாளர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டனர். மீனவருக்கும் அரசுத் துறைக்கும் இடையே பாலமாக இருப்பது இவர்கள் வேலை.

இரண்டாவது, ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும். இதற்கு முதுகலைப் பட்டமும் அதற்கு மேற்பட்ட படிப்பும் வேண்டும். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், கொச்சியிலுள்ள மீன்தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற மத்திய அரசு நிலையங்களுக்கு விஞ்ஞானிகள் அகில இந்தியத் தேர்வின் மூலம் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கடலில் எவ்வளவு மீன் உள்ளது என்பதை எப்படி அறிவது என்று விவசாயி வியக்கலாம். கண்டுமுதல் காணும் முன் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து விளைச்சலை மதிப்பிடுகின்றோம் அல்லவா? அதே போன்று, சில இறங்குதளங்களில் சில நாட்கள் பிடிபட்ட மீனை வகைவாரியாக எண்ணி, அளந்து, அதைக் கொண்டு ஓராண்டுப் பிடிப்பைக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கே விதிகளுக்கு அடிப்படை.

மூன்றாவது, தனியார் தொழில். தூத்துக்குடியில் இறாலும் மீனும் கணவாயும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்கூடங்கள் பல. வாங்கும் நாடுகள் சுத்தத்தையும் தரத்தையும் கண்டிப்பாகச் சோதிக்கின்றன. ஒரு சரக்கில் மருந்துப் படிவு காணப்பட்டால் முழுச் சரக்கும் திரும்பி வரும். எனவே தரக் கட்டுப்பாட்டு அலுவலர் இன்றி எந்தத் தொழிற்கூடமும் நடவாது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், மீன் தீவன ஆலைகள், பண்ணைகள் ஆகியவற்றிற்கும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் தேவை. 1972-ம் ஆண்டு ஏற்பட்ட கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் இத்துறையினருக்கு வேலை தருகின்றது.

நான்காவது, கடலையும் கரையையும் காக்கும் பணி. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையிலுள்ள 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு அலையால் அரிக்கப்பட்டுச் சுருங்கியபோது, அதைக் காக்கச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினர். அத்தகைய வேலைக்குப் பவளப்பாறையும் நீரோட்டமும் அறிந்தவர்கள் வேண்டும். நம் கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றும் தூண்டில் வளைவு கேட்கின்றன. ஓர் ஊரில் கட்டிய வளைவு மணலைத் தடுத்து, அடுத்த ஊரின் கரையைக் கடலுக்குக் கொடுத்துவிடவும் கூடும். எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதை ஆராய்ந்து சொல்லும் நிலையங்களில் கடலறிவியல் படித்தவர்களுக்கு இடமுண்டு. 1999-ம் ஆண்டு ஐதராபாத்தில் ஏற்பட்ட கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கூடும் இடங்களையும், கள்ளக்கடல் என்று நம்மவர் சொல்லும் திடீர் அலையெழுச்சியையும் முன்கூட்டி அறிவிக்கின்றது. 2017-ம் ஆண்டு ஒக்கிப் புயலில் தென்கோடி மீனவரை இழந்த நமக்கு இப்பணியின் அருமை தெரியும்.

ஐந்தாவது, வங்கி. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு மீன்வளப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். படகுக்கும் பண்ணைக்கும் கடன் கேட்டு வருவோரின் தொழிலை அறிந்தவர் மேசைக்கு அப்புறம் இருப்பது ஊருக்கு நன்மை.

ஆறாவது, கப்பல் செலுத்தும் வழி. மத்திய மீன்வளக் கடற்கலைப் பயிற்சி நிலையம் 1963-ம் ஆண்டு கொச்சியில் தொடங்கிற்று. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அதன் கிளைகள் உள்ளன. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு மீன்பிடி கலம் செலுத்தவும் கடல் எந்திரம் பழுது பார்க்கவும் இரண்டாண்டுப் பயிற்சி இங்கே அளிக்கப்படுகின்றது. பட்டப் படிப்பும் உண்டு. கல்லூரி வாசலை எட்டாத இளைஞர் இவ்வழியை மறந்துவிடக் கூடாது.

உள்நாட்டுக் கிராமங்களுக்கு என்ன பயன்?

அம்பாசமுத்திரத்து விவசாயியோ சேரன்மகாதேவியின் பஞ்சாயத்து உறுப்பினரோ, இது கடற்கரையாரின் விஷயம் என்று எண்ண வேண்டாம். நம் குளங்களில் ஆண்டுதோறும் மீன்பாசி ஏலம் விடுகின்றோம். அக்குளத்தில் எவ்வளவு மீன் விளையும் என்று அறியாமலே பெரும்பாலும் தொகை நிர்ணயிக்கின்றோம். மீன்வளம் படித்த ஒருவர் ஊரில் இருந்தால் இந்நிலை மாறும்.

குளத்து நீரிலும் மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்கள் உண்டு. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். மூன்றையும் கலந்து விட்டால் ஒரே நீரில் மூன்று விளைச்சல், ஒன்றோடொன்று போட்டியில்லை. நீர் நின்று நிலைக்கும் பண்ணைக் குட்டையில் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 குஞ்சுகள் விடலாம். ஐந்தாறு மாதமே நீர் நிற்கும் பாசனக் குளத்தில் அதைவிடக் குறைத்து, சற்று வளர்ந்த விரலிகளாக விட வேண்டும். இத்தகைய கணக்கைப் படித்தவர் வகுத்துத் தருவார்.

அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சிலர் ஆதாயம் கருதி வளர்க்கின்றனர். அது மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும். 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் குளங்கள் உடைந்ததை நாம் கண்டோம். அத்தகைய வெள்ளத்தில் இம்மீன் ஆற்றுக்குள் புகுந்தால் தாமிரபரணியின் நாட்டு மீன்களுக்குப் பெருங்கேடு. இதை எடுத்துச் சொல்ல ஊரிலேயே ஒருவர் இருப்பது வெளியிலிருந்து பத்து அதிகாரிகள் வருவதினும் மேல்.

மேலும், வயலில் அளவுக்கு மீறி இட்ட உரமும் மருந்தும், நகரத்துக் கழிவுநீரும் இறுதியில் புன்னைக்காயலுக்கே போகின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகமே இறால் குஞ்சுகளும் பல மீன் குஞ்சுகளும் வளரும் தொட்டில். அத்தொட்டிலின் சுத்தம் மேற்கே உள்ள விவசாயியின் கையிலும் இருக்கின்றது. கடல்வளம் கற்றவர் இத்தொடர்பை நன்கு அறிவார்.

எச்சரிக்கையாக ஒரு சொல்

பட்டம் பெற்றவுடன் அரசாங்க உத்தியோகம் காத்திருக்கின்றது என்று எவரும் நம்ப வேண்டாம். அரசுப் பதவிகள் எண்ணிக்கையில் சிலவே. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே சில ஆண்டுகள் கழிவதும் உண்டு. தனியார் தொழிற்கூடத்தில் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். பொரிப்பக வேலை இரவிலும் நடக்கும். வீட்டை விட்டு வேறு மாநிலத்திற்கும் போக நேரும். தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு தொழிலில் கைப்பழக்கம் பெறுவதே அறிவுடைமை. சொந்தமாகக் குஞ்சு வளர்ப்புக் குளமோ, மீன் பதப்படுத்தும் சிறு தொழிலோ தொடங்க விரும்புவோர், முதலில் இரண்டு ஆண்டுகள் பிறரிடம் வேலை செய்து பழகுவது நல்லது.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

ஒன்று: மே 1-ம் நாள் கிராம சபை கூடுகின்றது. பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் அடுத்த பிரிவைத் தேர்ந்தெடுக்கும் காலமும் அதுவே. அன்று கால் மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, தலைமையாசிரியரை அழைத்து, எப்பிரிவு எந்தப் படிப்புக்கு வழி என்பதைப் பெற்றோருக்குச் சொல்லச் செய்யலாம்.

இரண்டு: மீன்வளக் கல்லூரி மாணவர்கள் கிராமப் பயிற்சிக்கு வரும்போது அவர்களை வரவேற்று, ஊர்க் குளத்தை அளந்து, மண்ணையும் நீரையும் சோதித்து, ஓர் அறிக்கை எழுதித் தரும்படி கேட்கலாம். அவர்களுக்கு அது பாடம். பஞ்சாயத்துக்கு அது ஏலத் தொகையை நிர்ணயிக்கும் ஆதாரம்.

மூன்று: 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பல இடங்களில் அப்பதிவேடு பெயரளவிலேயே உள்ளது. ஊரில் மீன்வளமோ விலங்கியலோ படித்த இளைஞர் இருப்பின் அவரிடம் இப்பணியை ஒப்படையுங்கள். குளத்து மீன் எத்தனை வகை, கடற்கரையில் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காதவை எவை என்பதை முதிய மீனவரும் விவசாயியும் சொல்ல, படித்தவர் எழுதட்டும். அறிவும் அனுபவமும் சேரும் இடம் அதுவே.

நான்கு: நூலகத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும், கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பையும் தேர்வாணைய அறிவிப்பையும் ஒட்டி வைக்க ஒரு பலகை வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது.

முடிவுரை

கிராம சபையில் நம்மிடம் கேட்ட அந்த மீனவரின் மகள் பின்னர் வணிகவியல் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். அதுவும் நல்ல வழியே. மீன் ஏற்றுமதி செய்யும் தொழிற்கூடத்திற்குக் கணக்கு எழுதவும் ஆள் வேண்டும். எனினும் அவள் விரும்பிய வழி வேறு என்பதை நாம் மறக்கவில்லை. அவளுடைய தம்பி பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டில், தேர்வு முடிவு வருமுன்பே அத்தகப்பனாரைத் தேடிச் சென்று பேசினோம். பையன் எந்தப் பிரிவை விரும்புகிறான் என்று கேட்டோம். உயிரியல் என்றான். காரணம் கேட்டதற்கு, “அக்கா சொன்னாள்” என்றான்.

நாம் சொல்லத் தவறியதை அப்பெண் சொல்லிவிட்டாள். நம் மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய அக்காள் இருக்கமாட்டாள். அவ்விடத்தைப் பஞ்சாயத்து நிரப்ப வேண்டும்.